பூத்துவிட்ட முள்ளங்கி

முள்ளங்கி பூத்தால் அழகாகத்தான் இருக்கும். வெள்ளையில் லேசாக ஊதா ஓடும். அந்தப் பூவைப் பார்த்து ஒரு நாள் நான் போட்ட கூச்சல், செஞ்சியில் எங்கள் பள்ளி மொட்டை மாடியிலிருந்து கடைத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

சென்னையில் பள்ளிக்கூட மாடிகளில் காய்கறி வளர்க்க உதவும் ஒரு தொண்டு அமைப்பு, மாநகரத்தில் நடப்பது எங்கள் ஊரிலும் நடக்குமா என்று பார்க்க வந்தது. செடிப் பைகளையும் தேங்காய் நார்க்கழிவையும் இறக்கினார்கள். மூன்று மாதம் கழித்து வருவோம். பிள்ளைகள் அறுவடை செய்து காட்டினால் நிழல்வலையும் தண்ணீர்த் தொட்டியும் தருவோம், இல்லையென்றால் பைகள் வேறு பள்ளிக்குப் போய்விடும் என்றார்கள். அறிவியல் டீச்சர் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதலில் வைத்த கத்தரியையும் வெண்டையையும் கோட்டைக் குரங்குகள் தின்று தீர்த்தன. மண்ணுக்குள் விளைவது அதுகள் கண்ணில் படாது என்று எல்லாப் பைகளிலும் முள்ளங்கி விதைத்தேன்.

எனக்குத் துணையாக இருந்தவர் கணக்கு ஆசிரியர். மேல்சித்தாமூர்க்காரர், சமணர், எல்லோருக்கும் நயினார் சார். கிழங்கு வகை எதுவும் அவர் வீட்டில் சமைப்பதில்லை. வேரோடு பிடுங்குவது உயிரைப் பறிப்பது என்பார். விதைக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. அவரும் ஒன்றும் சொல்லாமல் தினமும் காலையில் மாடிக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றினார்.

பிடுங்க வேண்டிய வாரத்தில் அம்மாவுக்கு நெஞ்சுவலி. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தோம். நான் பள்ளிக்குத் திரும்பிய அன்றே சென்னைக்காரர்களும் வந்து நின்றார்கள். மாடி முழுக்கப் பூ. ஒன்றைப் பிடுங்கி உடைத்தேன், வெறும் நார். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். வந்தவர்கள் முன்னால், பிள்ளைகள் முன்னால், "உங்க சாமிக்காக எங்க பசங்க உழைப்ப நாசம் பண்ணிட்டீங்களே சார்!" என்று கத்தினேன்.

அதற்கு அவர், "அம்மா எப்படி இருக்குறாங்க டீச்சர்?" என்று கேட்டார்.

சாயங்காலம் பைகள் வேனில் ஏறின. அதைப் பார்த்து அழுதுகொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள்.

"சார் மேல தப்பு இல்ல டீச்சர். முத்திப்பூடும், புடுங்குங்கன்னு தெனம் சொன்னாரு. நாங்கதான், டீச்சர் வந்தாத்தான் புடுங்குவோம்னு அடம் புடிச்சோம். உங்களுக்குப் போன் போடுங்க சார்னோம். ஆஸ்பத்திரில இருக்கறவங்கள தொல்ல பண்ணக் கூடாதுன்னுட்டாரு. கடைசில, விளைஞ்சிட்டுது பாருங்கன்னு அவரே ஒண்ணப் புடுங்கிக் காட்டினாரு. அப்பவும் நாங்க கேக்கல. அன்னிக்கு சார் சோத்து டப்பாவத் தெறக்கவே இல்ல."

ஐயோ என்று இருந்தது. வாழ்நாளில் செய்யாததை என் பிள்ளைகளுக்காகச் செய்துவிட்டு, அதற்காகப் பட்டினியும் கிடந்த மனிதரையா அப்படிப் பேசினேன்!

மறுநாள் ஆசிரியர் அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க டீச்சர், நீங்க இருந்த டென்சன்ல யாரா இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பாங்க" என்றார். அவர் விட்டுவிட்டார். திட்டியது எல்லோர் முன்னாலும், மன்னிப்புக் கேட்டது கதவைச் சாத்திக்கொண்டு. அவர் ஓய்வு பெற்ற நாளில் மேடையேறிப் பத்து நிமிடம் புகழ்ந்தேன். அவருடைய பொறுமை, நேரந்தவறாமை, கணக்குப் பாடத்தில் தேர்ச்சி என்று எல்லாம் சொன்னேன். முள்ளங்கியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மாடியில் நின்ற பிள்ளைகள் இப்போது கல்லூரியில் இருப்பார்கள். யாராவது ஒருவர் கண்ணில் இது படட்டும். சார் எதையும் கெடுக்கவில்லை. நான்தான் விசாரிக்காமல் பழி போட்டேன்.