கார்பரேட்டர் இல்லாத காரும் என் ஈரத்துணியும்: மெட்ராஸிலிருந்து விழுப்புரம் வரை

விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் மில் வைத்திருக்கும் என் முதலாளி, சொந்த நாட்டுக்குத் திரும்பவிருந்த ஒரு ஜெர்மன் எஞ்சினியரிடம் கார் வாங்கினார். அதை ஓட்டி வருவதற்காக 1969 மே மாதம் மெட்ராஸ் போனேன். அங்கே தங்கை வீட்டில் தங்கிப் படித்த என் மகள் கோமதிக்கு, நான் திரும்பும் அதே நாள் பகல் இரண்டு மணிக்கு விழுப்புரத்தில் ஆசிரியப் பயிற்சிக்கான நேர்காணல். தவறினால் ஒரு வருடம் போச்சு. "பஸ் எதுக்கு? கார்லயே கொண்டாந்து எறக்கறேன்" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு வாய் மட்டும் காலேஜ்.

காலை 7.30-க்குப் புறப்பட்டோம். திண்டிவனம் 122 கிலோமீட்டர். வண்டி வெண்ணெயாய் ஓடியது.

இந்தக் காரில் கார்பரேட்டர் கிடையாது. நம் கார்களில் எஞ்சின் உறிஞ்சும் காற்றே அதன் வழியாகப் பெட்ரோலையும் இழுத்துக்கொண்டு போகும். டீசல் லாரியில் பம்பு அளந்து பீச்சும். இதிலும் பம்பு உண்டு. ஆனால் எவ்வளவு பீச்சுவது என்பதைச் சீட்டுக்கு அடியில் உள்ள, ரேடியோ அளவுப் பெட்டி ஒன்று மின்சாரத்தில் தீர்மானிக்கிறது. காற்றின் அழுத்தம், எஞ்சின் சூடு எல்லாம் ஒயர் வழியாக அதற்குச் சேதி போகுமாம். விற்றவர் விளக்கியபோது தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் எப்போதும் முதல் மார்க்.

10.45-க்குத் திண்டிவனம் பஸ் நிலையம் அருகே டீ. இரண்டு டீ முப்பது பைசா. வெயிலில் நிறுத்தினால் குழாயில் பெட்ரோல் ஆவியாகி வண்டி மக்கர் பண்ணும் என்று, ஈரத்துணி சுற்றி வைப்பது எங்கள் டிரைவர் கூட்டத்தின் பழக்கம். இதிலும் எஞ்சின் மேலிருந்த குழாயில் இறுக்கிச் சுற்றினேன். கிளம்பும்போது வெடுக்கென்று உருவினேன். அவ்வளவுதான், வண்டி கிளம்பவே இல்லை.

எதிர்க் கடை மெக்கானிக் வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணே, கார்பரேட்டர வூட்லயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?"

"இதுக்கு அது கெடையாதுப்பா."

"அப்ப எனக்கும் இதுல வேலை கெடையாது. ஒரே ஒயரா கீது. ரேடியோக்காரர இட்டுக்கினு வாங்க."

11.45-க்கு விழுப்புரம் பஸ் வந்தது. டிக்கெட் ஒரு ரூபாய் பத்து பைசா. கோமதி பையை எடுத்தாள். "பத்து நிமிஷம் இரும்மா, கெளப்பிடறேன்" என்றேன். பஸ் போய்விட்டது. அடுத்தது 1.10-க்கு, அது போய்ச் சேர இரண்டேகால் ஆகும்.

"இப்ப இன்னாப்பா பண்றது?" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் பேஜாராக இருந்தது. எப்படியும் இந்த வண்டியிலேயே இவளைக் கொண்டு சேர்ப்பது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரேடியோ கடைக்கு ஓடினேன்.

ரேடியோக்காரர் வரும்போது 12.20. கோமதி காரில் இருந்த இங்கிலீஷ் கையேட்டைப் படித்துச் சொல்லச் சொல்ல, அவர் ஒயர் ஒயராகத் தடவிக்கொண்டு போனார். எஞ்சின் மேல் கட்டைவிரல் அளவில் ஒரு சூடுகாட்டி. அதன் ஒயர் கழன்று தொங்கியது.

"இத யாருங்க புடுங்கனது?"

நான் என் கையிலிருந்த துணியைப் பார்த்தேன்.

"பொட்டிக்குச் சூடு தெரியல. எஞ்சின் பனியில நடுங்கிக்கினு கீதுன்னு நெனச்சி, பெட்ரோல ஊத்திக்கினே கீது."

"திண்டிவனத்துல, மே மாசத்துல பனி!" என்று மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ரேடியோக்காரர் ஒயரைச் செருகினார். மெக்கானிக் நனைந்த பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஆளுக்கு இரண்டு ரூபாய். 12.55-க்கு எஞ்சின் உறுமியது. மீதி 38 கிலோமீட்டர். மயிலம் பிரிவில் ஸ்டியரிங்கை விடாமல் முருகனை வாயாலேயே கும்பிட்டேன். 1.48-க்குப் பயிற்சிப் பள்ளி வாசல்.

இதே வழியில் இப்படிப்பட்ட வண்டியில் வருகிறவர்கள் கையேட்டையும், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஒயர் உள்ள இடத்தில் கை வைக்காதீர்கள். முக்கியமாக, பஸ் வந்தால் முதலில் பிள்ளையை ஏற்றிவிடுங்கள். வீறாப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்று வாசலில் நிறுத்தியதும் என் கை தானாகப் பானெட்டைத் திறந்து துணியைத் தேடியது. கோமதி அதைப் பிடுங்கி, சான்றிதழ் வைத்திருந்த பைக்குள் திணித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். ஜூலையில் பயிற்சியிலும் சேர்ந்துவிட்டாள். துணியை மட்டும் இன்னும் தரவில்லை.