யாரும் குடிக்காத தண்ணீர்

போன வருஷம் குறுவை நடவின்போது என் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு தண்ணீர் கேன்.

குத்தாலம் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர். நடவுக்கு எட்டுப் பெண்கள் வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிறதே என்று இருபது லிட்டர் கேன் ஒன்றை வரப்பில் வைத்தேன். மத்தியானம் பார்த்தால் தண்ணீர் குறைந்த மாதிரியே தெரியவில்லை. மறுநாள் வேறு கடையில் வாங்கினேன். பானையில் ஊற்றிக் குளிரவைத்தேன், எலுமிச்சம்பழம்கூடப் பிழிந்தேன். ஆளுக்கு ஒரு வாய் நனைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இதில் என்ன மர்மம் என்று எனக்கு ஒரே குடைச்சல். வீட்டில் கேட்டால், ஊரில் இல்லாத ஆராய்ச்சி என்று திட்டுதான் கிடைத்தது.

எங்கள் ஊரில் நடவன்று நிலத்துக்காரன் வரப்பை விட்டு அசைய மாட்டான். அசைந்தால் அக்கறை இல்லாதவன் என்று பேராகிவிடும். நானும் குடையைப் பிடித்துக்கொண்டு, குடிங்க குடிங்க என்று சொல்லியபடி பொழுது சாயும்வரை நின்றேன்.

மூன்றாம் நாள், அந்தப் பெண்களை அழைத்து வரும் அக்கா, கையில் பிடித்த நாற்றுக் கட்டோடு சேற்றில் சாய்ந்துவிட்டார். ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். நீர்க்கடுப்பு எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டதும் அக்கா என்னைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். நான் வெளியே வந்துவிட்டேன். கிளம்பும்போது டாக்டர் எனக்கும் கேட்கும்படியே எச்சரித்தார். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்வது இப்படியே நீடித்தால் கிட்னி கெட்டுவிடும், அப்புறம் வயலில் இறங்கவே முடியாது என்றார்.

திரும்பும் வழியில் மனசு கேட்கவில்லை. பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும் ஏன் குடிக்கவில்லை என்று அக்காவிடம் கேட்டேன். துணைக்கு வந்த பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா தெருவைப் பார்த்தபடி சொன்னார்.

"குடிச்சா ஒதுங்கணும்ல தம்பி. வயல்ல ஒரு செடி மறைவு இருக்கா? போதாக்குறைக்கு நீங்க வேற காலையிலேருந்து எங்களையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க."

காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு மடக்குக்கு மேல் குடிக்க மாட்டார்களாம். இத்தனை வருஷம் நின்று அவர்களைக் காபந்து பண்ணியதாக நினைத்துக்கொண்டிருந்தேனே.

சம்பா நடவுக்கு முன்பே மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி, சிமெண்ட் பலகை போட்டு, சுற்றிலும் தென்னங்கீற்று மறைப்பு கட்டினேன். உள்ளே ஒரு வாளி, ஒரு குவளை. நடவன்று, உடம்பு தேறி அக்காவும் வேலைக்கு வந்திருந்தார். மணி பத்தானது. பதினொன்றும் ஆனது. ஒருவர்கூட அந்தப் பக்கம் போகவில்லை. தண்ணீரையும் தொடவில்லை. வாசலை வைத்த திசை தப்போ, தூரம் அதிகமோ என்று மறுபடி மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். அக்காவின் முகம் வாடத் தொடங்கியிருந்தது. பழையபடி விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. மறைப்பில் என்ன குறை என்று வரப்பிலிருந்தே கேட்டுவிட்டேன்.

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க தம்பி. யாரு போறா, எத்தனை தடவ போறான்னு பாக்கவா நிக்கிறீங்க? வீட்டுக்குப் போங்க."

குடையை மடக்கிக்கொண்டு நடந்தேன். வாய்க்கால் மதகைத் தாண்டும்போது, சேற்றிலிருந்து கால்களைப் பிடுங்கும் சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டன. முதலில் போனது அக்காதானா என்று தெரிந்துகொள்ளத் துடித்தது. திரும்பிப் பார்க்கவில்லை.