பிராக்கன்பியில் வண்டி நிற்கும், கேட்டால்

ஹெட்லி ஃபெல் என்கிற மனிதரை நான் முதலில் கவனித்தது அவர் நடையை வைத்துத்தான். சாண்ட்மோர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் எனக்கு ஒரு சின்ன டீக்கடை. சாயங்கால வண்டியில் வந்து இறங்குவார், தொப்பியை அழுத்திக்கொள்வார், வண்டி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசையிலேயே ரோட்டைப் பிடித்துத் திரும்பி நடப்பார். கடல்காற்று ஆளைத் தள்ளும், மழை பக்கவாட்டில் அடிக்கும், ஆனாலும் அதே நடை. எனக்கு மண்டை குடைந்தது. வந்த வழியே திரும்பிப் போக எதற்கு ஐயா வருகிறீர்?

அவர் மனைவி மேவிஸ் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. அவர்கள் வீடு முந்தின ஸ்டேஷனான பிராக்கன்பியில். அது கேட்டால் மட்டும் வண்டி நிற்கிற இடம். இறங்குகிறவர் வண்டியில் வருகிற கார்டிடம் ஊர்ப் பெயரைச் சொல்லவேண்டும். அவர் மணி அடித்து டிரைவருக்குத் தெரிவிப்பார். யாரும் சொல்லாவிட்டால் வண்டி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாண்ட்மோர் வந்துதான் நிற்கும். ஹெட்லிக்கு வாய் திக்கும். அதிலும் 'ப' வந்துவிட்டால் தீர்ந்தது. உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு, கண் மூடி, கழுத்து நரம்பு புடைத்து, பார்க்கிற நமக்கே மூச்சு முட்டும். அந்தக் கஷ்டத்துக்கு ஒரு மணி நேரம் நடப்பதே மேல் என்று மனிதர் முடிவு கட்டிவிட்டார்.

"எழுதிக் காட்டலாமே?" என்றேன் மேவிஸிடம்.

"காட்டினாரே! ஒரு வாட்டி துண்டுக் காகிதத்துல எழுதி நீட்டினாரு. அந்தக் கார்டு இவருக்குக் காது கேக்காதுன்னு நினைச்சுக்கிட்டு, காதுக்குள்ள வாயை வச்சு 'பி-ராக்-கன்-பி-யா?'ன்னு கத்தினான். வண்டி முழுக்கத் திரும்பிப் பாத்துச்சு. அதோட சரி."

மேவிஸ் கூட இருக்கும்போது இந்தத் தொல்லையே கிடையாது. அவள் வாய் இருக்கிறதே, அடேயப்பா! ஹெட்லி மூச்சு இழுப்பதற்குள் கார்டிடம் ஊரைச் சொல்லி, அவன் அம்மா உடம்பு எப்படி என்று கேட்டு, அவன் சட்டைப் பொத்தான் தொங்குவதையும் காட்டிக் கொடுத்துவிடுவாள். "நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்" என்று அவள் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வாளோ. அவரும் சும்மாதான் இருந்தார், கல்யாணம் ஆன நாளிலிருந்து.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. அதுதான் எனக்குக் கோபம் வரவழைப்பது. திக்கும்போது எதிரில் இருப்பவர் பொறுமை இல்லாமல் ஏதாவது ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பார்கள் இல்லையா? அது தப்பான சொல்லாக இருந்தாலும் தலையை ஆட்டிவிடுவார். கப்பல் கட்டுகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெயின்ட் அடிக்கிற பிரிவில் போடச் சொல்லிக் கேட்கப் போனாராம். மனிதருக்கு நிறங்கள் என்றால் உயிர். 'பெ, பெ' என்று நின்றிருக்கிறார். மேஸ்திரி, "பாய்லர் ரூமா? சரி, போ" என்றான். இவர் தலையாட்டினார். ஓய்வு பெறுகிறவரை பாய்லர் ரூம்தான். கரியும் சூடும். சொல்லும்போது மேவிஸ் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது, பற்றிக்கொண்டு வரும்.

"உன்னை மட்டும் எப்படிக் கேட்டுக் கட்டிக்கிட்டாராம்?" என்று ஒருநாள் அவளையே கேட்டேன்.

"நானும் அந்தக் கதைதான்! பஸ்ல டிரைவர்கிட்ட டிக்கெட்டு கேட்டுக்கிட்டு நிக்கிறாரு, வாய் வரல. பின்னால நான். மழை வேற. 'யோவ், அவருக்கும் எனக்கும் பிராக்கன்பி ரெண்டு குடு, நகரு'ன்னேன். மனுஷன் போகவேண்டியது வேற எங்கேயோ. தலையை ஆட்டிட்டு என் பின்னாடியே இறங்கிட்டாரு. அப்புறம் போகவே இல்ல."

போன வசந்தத்தில் அந்த மேவிஸுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு போய்விட்டது. யாருக்கு வந்தாலும் அவளுக்கு அது வந்திருக்கக்கூடாது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: 'இல்ல'. டீ வேண்டுமா என்றால் "இல்ல" என்பாள், பிறகு வாங்கிக் குடித்துவிடுவாள். வலிக்கிறதா என்றால் "இல்ல" என்பாள், கண்ணில் தண்ணீர் நிற்கும். எந்த 'இல்ல'வுக்கு எந்த அர்த்தம் என்று, தினமும் ரயிலில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஹெட்லிக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொண்டுபோய் விடுகிற வண்டி செவ்வாய்க்கிழமைதான் வருமாம். அதுவரை இருந்துவிட்டுப் போங்களேன் என்று நர்ஸ் சொன்னதற்கு, மேவிஸ் கட்டிலை இடது கையால் அடித்து "இல்ல!" என்று கத்தியதில் வார்டே எழுந்து உட்கார்ந்ததாம். சரி என்று ஹெட்லி அவளை ரயிலில் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த வண்டியில்தான் நானும் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, டவுனில் அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்கு எதிர் சீட்டில் ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் மேவிஸை உட்காரவைத்துவிட்டு இறங்கிப் போனார். ஒரு பழுப்பு நிறப் பையைக் கதவோரம் சாமான் வைக்கிற பெட்டித் தட்டில் வைத்துவிட்டு ஹெட்லி அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்தார். வண்டி அசைந்ததும் அவள் அந்தப் பக்கமாகச் சரிந்தாள். தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். அப்புறம் அவரால் அசையவே முடியவில்லை.

அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சாண்ட்மோரிலிருந்து பிராக்கன்பிக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. ஊரில் இருக்கிற ஒரே டாக்ஸிக்காரன் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டான். சாயங்காலம் எதிர்த் திசையில் வண்டியும் இல்லை. இவர் நடந்துவிடுவார். மேவிஸ்? ஒரு அடி எடுத்துவைக்கவே இரண்டு பேர் பிடிக்கவேண்டும். இன்றைக்குப் பிராக்கன்பியில் வண்டி நின்றே ஆகவேண்டும். அதற்கு அவர் வாயைத் திறந்தே ஆகவேண்டும்.

உதடு அசைந்துகொண்டே இருந்தது, ஒத்திகை பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு பெட்டித் தட்டில் இருந்த பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனா அதில்தான் இருந்திருக்கும். எழுந்து போனால் மேவிஸ் விழுந்துவிடுவாள்.

நான் குனிந்து, "கவலப்படாதீங்க ஹெட்லி. கார்டு வரட்டும், நான் சொல்லிடறேன்" என்றேன்.

அவர் முகம் அப்படியே இளகியது. தலையாட்டினார்.

"இல்ல!" என்றாள் மேவிஸ்.

"என்ன கண்ணு, இல்ல? நான்தான் சொல்றேன்னு—"

"இல்ல!" இடது கை எங்கள் சீட்டுகளுக்கு நடுவில் இருந்த மேஜைமேல் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. நோயாளியின் பிடியா அது! என்னை முறைத்துவிட்டு, ஹெட்லியைப் பார்த்தாள். வாழ்நாள் முழுவதும் 'நீ சும்மா இரு' என்ற அதே கண்கள். இப்போது வேறு எதையோ கேட்டன. இனிமேல் நான் பேசப்போவதில்லை, நீதான் பேசவேண்டும், இன்றைக்கே ஆரம்பி என்கிறாள். எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்? இதற்கு இன்றைக்குத்தானா நாள் பார்க்கவேண்டும், பிடிவாதம் பிடித்தவளே என்று கத்தவேண்டும்போல இருந்தது.

கோல்ஃப் மைதானம் போனது. கார்டு வரவில்லை. ஹெட்லியின் நெற்றி வியர்த்தது. அடுத்து கழிமுகத்துப் பாலம் வரும். அதைத் தாண்டினால் பிராக்கன்பி. தாண்டுவதற்குள் மணி அடிக்காவிட்டால் வண்டி நிற்காது.

ஒருவழியாகக் கதவு திறந்தது. இளைஞன், அவசரக்காரன், டிக்கெட் மெஷினைத் தட்டிக்கொண்டே வந்தான்.

"எங்க இறங்கறீங்க ஐயா?"

"பி..." உதடு ஒட்டிக்கொண்டது. "பி..."

கார்டு ஹெட்லியை உற்றுப் பார்த்தான், சிரித்தான். "அட, நீங்களா! சாண்ட்மோர்தானே? தினமும் அங்கதானே இறங்குவீங்க?"

ஹெட்லி தலையை ஆட்டினார்.

ஆட்டிவிட்டார்! பாய்லர் ரூம் மேஸ்திரிக்கு ஆட்டிய அதே தலையாட்டல். கார்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான். ஹெட்லி கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"இல்ல! இல்ல! இல்ல!" மேவிஸ் ஆஸ்பத்திரியில் கொடுத்த கைத்தடியால் மேஜையை அடித்தாள்.

எங்கள் ஊர் வண்டியில் பக்கத்து ஆளின் தொப்பி தீப்பிடித்தாலும் பேப்பரைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்கள். அவர்களே திரும்பிப் பார்த்தார்கள். கார்டு ஓடிவந்தான்.

"என்னம்மா? உடம்புக்கு முடியலையா? தண்ணி வேணுமா?"

"இல்ல!" தடியின் நுனி ஹெட்லியைக் காட்டியது.

"ஐயா? என்ன விஷயம்?"

ஹெட்லி வாயைத் திறந்தார். "பி..." ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் தெரிந்தது. பாலம் வந்துவிட்டது. "பி... பி..."

பின் சீட்டில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "பாத்ரூம் போகணுமோ, பாவம்" என்றாள். ஹெட்லியின் தலை மறுபடி அசையப் பார்த்ததை நான் கண்ணால் கண்டேன். மேவிஸின் இடது கை குறுக்கே வந்து அவர் தாடையைப் பிடித்து நிறுத்தியது. நிறுத்தி, அப்படியே வைத்துக்கொண்டது.

யாரும் பேசவில்லை. கார்டும் பேசவில்லை, பையன் ஏதோ புரிந்துகொண்டான்போல. நான் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே கடித்தேன், மறுநாள்வரை வலித்தது. சொல்லுங்க ஹெட்லி, சொல்லித் தொலைங்க என்று உள்ளுக்குள் கெஞ்சினேன், திட்டினேன். கழுத்து நரம்பு புடைத்தது. பாலத்தின் இரும்புத் தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

"பி... பி-பி-பிராக்கன்பி."

"பிராக்கன்பியா!" கார்டு விழுந்தடித்து ஓடினான். மணி சத்தம் கேட்டது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. செத்தோம் என்று நினைத்தேன். அப்புறம் சக்கரங்கள் கிறீச்சிட்டன. வண்டியின் வேகம் குறையத் தொடங்கியது. என் எதிரில் ஹெட்லி அழுதுகொண்டிருந்தார். மேவிஸின் கை இன்னும் அவர் தாடையில்தான் இருந்தது.

ஆனால் நிம்மதியாக மூச்சுவிட விட்டார்களா? அந்த ஸ்டேஷன் பிளாட்பாரம் நீளம் ரொம்பக் குறைவு, முன்பெட்டிக் கதவு மட்டும்தான் திறக்கும். நாங்கள் பின்பெட்டியில். கார்டு ஒரு பக்கம், ஹெட்லி ஒரு பக்கம், நான் பின்னால் என்று மேவிஸை நடத்தித் தூக்கி, ஆளுக்கு ஒரு யோசனை சொல்லி, எப்படியோ இறக்கினோம். இறங்கிய மும்முரத்தில் நானும் இறங்கிவிட்டேன். கதவு மூடியது. வண்டி புறப்பட்டது. நான் போகவேண்டிய வண்டி!

மேவிஸ் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன.

"குளிருதா கண்ணு? உக்காரணுமா?" என்றேன்.

"இ-இருங்க" என்றார் ஹெட்லி. "அவ சொ-சொல்லட்டும்."

நின்றோம். வண்டி வளைவில் திரும்பி மறைந்தது. மேவிஸின் உதடு துடித்தது, திறந்தது.

"பை" என்றாள்.

'இல்ல'வைத் தவிர வேறு சொல் அவள் வாயிலிருந்து வருவது இதுதான் முதல் தடவை. அது வந்து சேருவதற்குள் பழுப்புப் பை சாண்ட்மோருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஹெட்லி அவளைக் கட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் கடற்கரைப் பறவைகள் கலைந்து பறந்தன. எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு ரோட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஸ்டேஷனை ஒட்டின அவர்கள் வீட்டில் மேவிஸைச் சேர்த்துவிட்டு, அன்றைக்கு அந்தத் தூரம் நடந்தது நான்தான். என்ன காற்று, என்ன காற்று! இதையா இந்த மனிதர் இத்தனை வருஷம் நடந்தார் என்று வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன்.

அந்த நடைக்குக் கிளம்பும் முன் கேட்டிருந்தேன்: "பையை நான் வாங்கி வைக்கட்டுமா? கவுன்டர்ல எனக்குத் தெரிஞ்ச ஆள்தான்."

அவர் மேவிஸைப் பார்த்தார். "வே-வேண்டாம் நோரீன். நானே வந்து கேக்கறேன்."

மறுநாள் காலை வந்தார். என் கடைக்கு நேர் எதிரில்தான் டிக்கெட் கவுன்டர். அவர் பின்னால் வேலைக்குப் போகிறவர்கள் வரிசை நீண்டுகொண்டே போனது. "பை..." என்று ஆரம்பித்து நின்றார்.

கவுன்டர்காரர் தங்கமான மனிதர், உதவி செய்கிறேன் என்று, "பயணச்சீட்டா? பாஸா?" என்றார்.

ஹெட்லி உள்ளங்கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "இ-இருங்க. நான் சொல்றேன்."

வரிசை முழுக்கக் காத்திருந்தது. என் கடை முன்னால் ஒருத்தர் டீ கேட்டார். அவரையும் இருங்க என்றேன்.