குருமண்வெளிப் பாதையில் கிளச் போன காலை

மாசி மாதம், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நெல் வெட்டு நடக்கும் நேரம். மண்டூரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு என் பழைய ஜீப்பில் போக ஆசைப்பட்டேன். நான்கு மாதம் கராஜில் கிடந்த வண்டி. சுற்றிப்போகப் பாலம் உண்டு. பாதையில் ஏற்றித்தான் வாவியைக் கடப்பேன் என்றது என் கொழுப்பு. (வாகனமும் ஏற்றும் தட்டைப் படகைத்தான் இங்கே பாதை என்போம். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.)

காலை 7.10க்குக் கல்லடியில் புறப்பட்டேன். பக்கத்து இருக்கையில் ஐஸ் போட்ட நண்டுப் பெட்டி. களுவாஞ்சிக்குடியை நெருங்கும்போது கிளச் மிதி தளர்ந்து, கியர் மாற்றும்போதெல்லாம் கர்ரென்று கத்தியது. காலடி விரிப்பும் ஈரம். நண்டுப் பெட்டி ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதுதான் வசதியாக இருந்தது.

குருமண்வெளித் துறையில் பாதைக்காரர் கேட்டார். ஐம்பது வயதிருக்கும்.

"வாகனத்தில பிழை ஒண்டும் இல்லையே தம்பி?"

"ஒண்டும் இல்லண்ணன்."

8.25க்கு ஏறினோம். கடக்கப் பதினைந்து நிமிடம். நடு வாவியில் சும்மா மிதியை அமுக்கிப் பார்த்தேன். தரையோடு போய்ப் படுத்தது, திரும்பவில்லை. பொனற்றைத் திறந்தால் கிளச் ஒயில் டப்பா காய்ந்து கிடக்கிறது. கையிலிருந்த பிரேக் ஒயிலை ஊற்றி மிதித்தேன். ஊற்றியது அத்தனையும் மிதியின் பின்னாலிருந்து என் காலிலேயே வடிந்தது. விரலால் தொட்டேன், வழுவழுப்பு. ஐஸ் தண்ணீர் வழுவழுக்காது. மாஸ்டர் பம்பின் ரப்பர் வாஷர் போய்விட்டது.

அந்த நேரம் பாதைக்காரருக்கு போன் வந்தது. பேசிவிட்டு என்னிடம் வந்தார்.

"வயல் வட்டையில ஒராளுக்குப் பாம்பு கடிச்சிட்டாம். அக்கரையில ஆட்டோவோட நிக்காங்க. நீங்க இறங்கின கையோட ஆட்டோவை ஏத்திக்கிட்டுத் திரும்பணும்."

முன்வாசலை அடைத்துக்கொண்டு நிற்பது என் ஜீப். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ரெண்டு நிமிசத்தில இறக்கிருவன்" என்றேன்.

கரை தட்டியதும் முதல் கியரில் போட்டுச் சாவியைத் திருப்பினேன். ஜீப் முன்னால் துள்ளியது, பாதை பின்னால் நழுவியது. முன்சில்லுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் தெரிந்தது.

"நிப்பாட்டுடா!" என்று பாதைக்காரர் கத்தினார். தம்பியும் போனது, மரியாதையும் போனது. "கிளச் இல்லையா? முதலே சொன்னா என்ன? ஆளத் தூக்கி வாங்கடாப்பா, ஆட்டோ கிடக்கட்டும்!"

பாதையை மறுபடி கரையோடு சேர்ப்பதற்குள் என் வித்தையில் ஆறு நிமிடம் போயிருந்தது. கடிபட்டவரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, ஜீப்பின் ஓரமாகத் தூக்கி வந்தார்கள். நாற்பது வயதுக்காரர், கணுக்கால் வீங்கியிருந்தது. குருமண்வெளியில் வேறு ஆட்டோவுக்குப் பாதைக்காரர் போனில் சொல்லிவைத்தார். திரும்பும் பதினைந்து நிமிடமும் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவருடைய கண் இமைகள் மெல்லச் சரிந்துகொண்டிருந்தன. இவர் செத்தால் அந்த ஆறு நிமிடம் என் கணக்கு என்று எண்ணிக்கொண்டேன்.

அவரை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, அடுத்த நடையில் மண்டூரில் இறங்கினேன். இந்த முறை ஆட்களெல்லாம் முதலில் இறங்கினார்கள். பாதையை இரண்டு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்கள். நாலு சில்லும் இழுக்கும் மெதுக் கியரில் போட்டு ஸ்டார்ட்டரை அடிக்க, ஜீப் தவளை மாதிரி ஏறியது. கிளச் இல்லாமல் நகர்த்த வேண்டி வந்தால் இதுதான் வழி, அதுவும் முன்னால் ஆளில்லாதபோது மட்டும். வாஷர் கிட் மட்டக்களப்பில் 1,800 ரூபாய். மாற்றிக் காற்றெடுக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. காலடி ஈரமாக இருந்தால் தொட்டுப் பாருங்கள். மிதி தளர்ந்தால் பாதையில் ஏறாதீர்கள். ஏறத்தான் வேண்டுமென்றால், கேட்பவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் கடிபட்டவரைப் பார்க்க ஆசுபத்திரிக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் வந்தது. ஏறும்போதே கிளச் பிழை என்று தெரியும், தெரிந்துதான் ஏறினேன் என்று சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நானும் பாம்பைக் கண்டனான் தம்பி," என்றார். "போயிரும் எண்டு நினைச்சன்."