அவன் பெயரில் இருந்த என் நம்பர்

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோலாலம்பூரில் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக அலைந்துகொண்டிருந்தேன். காலையில் செலாயாங், மதியம் பூச்சோங், யாராவது வரச் சொன்னால் டெங்கில் வரைக்கும் போவேன். தங்கியிருந்தது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாடகை அறையில். வீட்டுக்காரம்மாவின் போனுக்கு வரும் செய்திகளில் பாதி எனக்கு வந்து சேராது. அதனால்தான் ஹேண்ட்போன் வாங்கினேன். புதிது வாங்கும் நிலையில் இல்லை. பக்கத்துத் தெருவில் பழைய போன் விற்கும் கடையில், லைனோடு சேர்த்து ஒன்று கிடைத்தது. சிம் கார்டை மாற்றிப் போடும் வேலையெல்லாம் அந்தப் போனில் கிடையாது. போனும் நம்பரும் ஒன்றாகவே கைமாறின. "பேர் மாத்தக் குடுத்துட்டேன்கா, சீக்கிரம் உங்க பேருக்கு வந்துரும்" என்றார் கடைக்காரர்.

முதல் பில் என் விலாசத்துக்கு வந்தது. பெயர் மட்டும் வேறு யாரோ ஒரு ஆணுடையது. போன் கம்பெனிக்குப் பேசினேன். பியானோ ஒலித்தது; நடுநடுவே ஒரு பெண் குரல் என் பொறுமைக்கு ஆங்கிலத்தில் நன்றி சொன்னது. கடைசியில் பேசியவர், அடுத்த மாதம் சரியாகிவிடும் என்றார். அடுத்த மாதமும் அதே பெயர் வந்தது. மறுபடி பியானோ, மறுபடி நன்றி. ஒருவர் வேறொருவரிடம் மாற்றிவிடுவார், அவர் இன்னொருவரிடம். நடுவில் எங்கேயோ லைன் அறுந்துபோகும்.

அதற்குள் ஒரு அம்மா கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

முதல் தடவை ஒரு சாயங்காலம். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். எடுத்து 'அலோ' சொன்னதும் எதிர்ப்பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு குரல், வயதான பெண்ணின் குரல், தயங்கித் தயங்கி வந்தது.

"தம்பி இருக்கானா?"

"யாரு வேணும் உங்களுக்கு?"

அவர் ஒரு பெயர் சொன்னார். பில்லில் இருந்த அதே பெயர். இந்தப் போனை நான் கடையில் வாங்கினேன், அவரை எனக்குத் தெரியாது என்றேன்.

"நீதான் அந்தப் பொண்ணாம்மா?"

"எந்தப் பொண்ணு?"

"பரவால்லம்மா. எனக்கு இப்ப கோவம் ஒண்ணுமில்ல. போன அவன்கிட்ட மட்டும் குடு."

அவர் கிள்ளானில் இருந்து பேசினார். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். ஒரு பெண்ணை விரும்பினான், அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அவளோடு இந்த வாசல்படி ஏறாதே என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. இதெல்லாம் அவர் ஒரே நாளில் சொன்னதல்ல. ஒவ்வொரு சாயங்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக, நான் ஏற்கனவே தெரிந்தவள் என்ற பாவனையில் சொன்னார். "அவன் சாப்பிட்டானாம்மா?" என்று கேட்பார். இல்லை ஆன்டி, இங்கே யாரும் இல்லை என்பேன். "சரி, சரி" என்று வைத்துவிடுவார். என் அறையில் அப்போது யாரும் இல்லைதான். ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பிறகு கதவைத் திறந்து நடையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

நான் சொல்வதை அவர் ஏன் நம்பவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கம்பெனிக்கு அவரும் போன் பேசியிருக்கிறார். அந்த நம்பர் ஓடிக்கொண்டிருக்கிறது, உங்கள் மகன் பெயரில்தான் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"கம்பெனிக்காரவுங்க பொய் சொல்லுவாங்களாம்மா?"

மறுபடி கம்பெனிக்குப் பேசினேன். நிலைமையை முழுக்கச் சொன்னேன். அந்த முறை பேசியவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பெயர் மாற்றியாகிவிட்டது மிஸ், நாளைக்குக் கவுண்டருக்குப் போனால் அவர்களே சொல்வார்கள் என்றார். அந்தச் சாயங்காலமே அந்த அம்மாவிடம் சொன்னேன்: "நாளைக்கு கே.எல். வாங்க ஆன்டி. அவங்க வாயாலயே கேட்டுக்குங்க."

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கினார். ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட சேலை, கையில் பிளாஸ்டிக் பை. பையில் மகனின் புகைப்படமும் பிறப்புப் பத்திரமும் இருந்தன. என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் எப்படி இருப்பேன் என்று அவர் நினைத்து வைத்திருந்தாரோ, தெரியாது.

கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். எனக்குப் பெரிய நிம்மதியாகிவிட்டது. என் ஐசி அடையாள அட்டையையும் போன் நம்பரையும் வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள்.

"இது உங்க நம்பர் இல்லையே அக்கா. ஓனர் வேற ஆளு."

"நேத்து மாத்திட்டோம்னு போன்ல சொன்னாங்களே."

"சிஸ்டத்துல மாறல லா."

அம்மா முன்னால் நகர்ந்து வந்து மகனின் பெயரைச் சொன்னார். "அவன் பேருதானம்மா இருக்கு?"

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். "நீங்க அவருக்கு என்ன வேணும் ஆன்டி?"

"அம்மா."

"வேற விவரம் எதுவும் நான் சொல்லக்கூடாது ஆன்டி. ஆனா அவரு யூஸ் பண்ணிட்டுத்தான் இருக்காரு. நேத்துகூட கால் போயிருக்கு. கவலப்படாதீங்க."

ஆறுதலாகத்தான் சொன்னாள். அவள் முகத்தில் உண்மையான கனிவு இருந்தது. அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

"அந்தக் கால் நான் பண்ணது" என்றேன். "போன் என்கிட்டதான் இருக்கு."

"அது எங்களுக்குத் தெரியாது அக்கா. ஓனர் நேர்ல வந்தாத்தான் பேர் மாத்த முடியும். லைன கட் பண்றதுன்னாலும் அவர்தான் வரணும்."

"ஓனர் எங்கன்னுதான் இவங்க தேடுறாங்க."

"அப்ப அவர வரச் சொல்லுங்க" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே என்னவோ போலிருந்திருக்க வேண்டும். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

நான் பையிலிருந்து போனை எடுத்து அம்மாவிடம் நீட்டினேன். அதன் பின்பக்கம் பாதி கிழிந்த முருகன் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. எனக்கு முன்னால் யாரோ ஒட்டியது. நான் உரிக்காமல் விட்டிருந்தேன். அம்மா அதை விரலால் தடவினார். "பத்துமலைக் கோயில்ல வாங்குனது" என்றார். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டார். யாரும் கூப்பிடாத போனை, ஆட்கள் வரிசையில் நிற்கிற அந்த ஹாலில், வெகுநேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து அவரை நேரே கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் புகைப்படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவருதான் ஆன்டி. அவரே வந்து வித்தாரு. தோள்ல பெரிய பை."

"கூட யாரும் இருந்தாங்களா?"

"தனியாத்தான் வந்தாரு. நல்ல போனாச்சே, ஏன் விக்கிறீங்கன்னு கேட்டேன். இனிமே தேவப்படாதுன்னாரு."

"எங்க போறேன்னு?"

"சொல்லல ஆன்டி. நானும் கேக்கல."

அம்மா தலையை ஆட்டினார். யாராவது பஸ் நேரம் சொன்னால் ஆட்டுவது போல. ஸ்டேஷனுக்கு நடந்தோம். ரயில் வந்து நின்றதும் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அப்ப அவனேதான் குடுத்துட்டான். யாரும் புடுங்கல" என்றார். "உன்ன தப்பா நெனச்சிட்டேம்மா." ஏறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு சாயங்காலக் கால்கள் நின்றுவிட்டன. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வெளிச்சம் மங்கும் நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கிளையண்டுகள் கூப்பிட்டால்கூட, எடுப்பதற்கு முன் ஒரு கணம், அந்த மூச்சுச் சத்தத்துக்கு என் காது தயாராகிவிடும். கண்ணாடிக் கதவுகளில் அவன் முகத்தைப் பார்த்ததாக நினைத்துத் திரும்பியிருக்கிறேன். புகைப்படத்தில் ஒரே ஒருமுறை பார்த்த முகம் அது.

பில் அவன் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. நான் சண்டை போடுவதை விட்டுவிட்டேன். ஒருநாள் கம்பெனியே என்னைக் கூப்பிட்டது. சேவை திருப்தியாக இருக்கிறதா என்று வாடிக்கையாளர்களைக் கேட்கிறார்களாம். மலாய்க்காரப் பெண், இனிமையான குரல். அவன் பெயரைச் சொல்லி, அவரோடு பேசலாமா என்றாள். அவர் இங்கே இல்லை என்றேன். எப்போது திரும்பி வருவார், அப்போது கூப்பிடுகிறேன் என்றாள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பொறுமையாகக் காத்திருந்தாள். நானேதான் வைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் கிள்ளானுக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை; தெருவின் பெயரை அவர் முன்பே சொல்லியிருந்தார், பக்கத்துக் கடையில் கேட்டதும் காட்டினார்கள். அம்மா இன்னும் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததில் அவருக்கு ஆச்சரியமில்லை. மீன் குழம்பு வைத்திருந்தார், உட்காரவைத்துப் போட்டார். மகனைப் பற்றிப் பேசவில்லை. மழை, ரயில் கூட்டம், என் வேலை என்று ஏதேதோ பேசினோம்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தபோது, அவர் முன்னறையில் போன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரிசீவர் காதில் இருந்தது. என் கைப்பையில் ஹேண்ட்போன் ஒலித்தது.

எடுக்கப் போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"எடுக்காதம்மா. அவன் நம்பர்தானே, கொஞ்சம் அடிக்கட்டும்."

நான் பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். போன் என் மடியில் அதிர்ந்து அதிர்ந்து ஒலித்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தானாக அறுந்ததும் ரிசீவரை வைத்தார். பிறகு எழுந்து, வெளியே காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்து வரப் போனார்.