தொப்பூரில் நிற்குமா

என் மனைவி பெங்களூரைத் தாண்டி வெளியே போய் ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவளுக்குக் குடல் அழற்சி. மருந்தால் வலி அடங்கியது, அவசரம் அடங்கவில்லை. உடனே என்றால் உண்மையிலேயே உடனே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் கழிப்பறை வேண்டும். பிரேசர் டவுனிலிருந்து சிவாஜிநகர் போவதென்றால்கூட எந்த ஓட்டலில் கேள்வி கேட்காமல் உள்ளே விடுவார்கள், எந்த மருத்துவமனையின் தரைத்தளத்தில் கதவு திறந்திருக்கும் என்று யோசித்துத்தான் கிளம்புவாள். ரயிலில் கழிப்பறை இருக்கிறதே என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு முறை போனோம். தர்மபுரி தாண்டியதும் எங்கள் பக்கத்துக் கழிப்பறைகள் இரண்டும் உள்ளே தாழிட்டிருந்தன. அதற்குப் பிறகு அவள் ரயிலைப் பற்றிப் பேசியதில்லை.

விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் நாமக்கல்லிலிருந்து அவளுடைய தங்கை போன் செய்தாள். மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"நீ வரலன்னாலும் பரவால்லக்கா. உடம்பப் பாத்துக்கோ. நாங்க வீடியோல காமிக்கறோம்."

போனை வைத்துவிட்டு அவள் நெடுநேரம் கொத்தவரங்காய் நறுக்கினாள். பிறகு, "பரவால்லையாம்," என்றாள்.

அந்த வாரமே என் மச்சான் வந்தான். மனைவிக்குத் தம்பி, வைட்ஃபீல்டில் மென்பொருள் வேலை. ஊரடங்கு முடிந்த கையோடு, இனி வீட்டை இழுத்துக்கொண்டே ஊர் சுற்றுவது என்று தீர்மானித்து, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர் வீடு ஒன்றை வாங்கியவன். இரண்டு படுக்கை, சின்ன அடுப்பு, ஒரு கழிப்பறை. நந்தி மலை அடிவாரம் வரை ஒரே ஒரு தடவை போனான். பிறகு வேலை மாறினான். கம்பெனி கொடுத்திருந்த பெரிய கார் திரும்பிப் போனது, டிரெய்லர் அவன் அடுக்ககத்தின் அடித்தளத்தில் நின்றுவிட்டது. குடியிருப்போர் சங்கம் அதை எடுக்கச் சொல்லி மாதாமாதம் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, டாய்லெட் இருக்கு. ஃபுல் சைஸ். நீங்க எப்படியும் புது கார் வாங்கத்தான போறீங்க? டிரெய்லர் இழுக்கற மாதிரி ஒண்ணு வாங்கிடுங்க. அக்கா ஜாலியா பின்னாடி உக்காந்துட்டு வரட்டும்."

ஓடும் டிரெய்லருக்குள் ஆள் உட்காரக் கூடாது, அது ஆபத்து என்றேன்.

"சரி, முன்னாடி உக்காரட்டும். எப்ப வேணுமோ நிறுத்தி, பின்னாடி போய்ட்டு வரட்டும்."

எங்கள் பழைய காரைச் சென்ற வருடம்தான் விற்றிருந்தோம். யோசனையில் பிழை தெரியவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் படிக்கிறவன். எதையும் தேதி போட்டு எழுதி வைக்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே வண்டி தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அன்றைக்கு ஆரம்பித்த தலைவலி கார்த்திகை வரை போகவில்லை.

படித்ததில் முதலில் தெரிந்தது, இழுப்பது பெரிய விஷயமில்லை என்பது. சமதளத்தில் எந்த வண்டியும் எதையும் ஓரளவு இழுத்துவிடும். இறக்கத்தில்தான் தொல்லை. பின்னால் வருவது கார் தாங்கும் எடையைவிட அதிகமாக இருந்தால், அது காரைத் தள்ளும், பின்பக்கம் இடமும் வலமும் ஆடும், கடைசியில் காரையே திருப்பிப் போடும். பெங்களூரிலிருந்து நாமக்கல் போகிற வழியில் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. பிரேக் பிடிக்காத லாரிகள் அங்கே என்ன செய்யும் என்பது பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆகவே என் கேள்வி எளிமையானது. இந்த வண்டி எத்தனை கிலோ டிரெய்லரைப் பத்திரமாக இழுக்கலாம் என்று, அதைத் தயாரித்தவர்கள் எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறார்களா?

முதல் ஷோரூமில் ஓசூர்ப் பக்கத்துத் தமிழ் இளைஞர் ஒருவர் விற்பனைக்கு இருந்தார்.

"எத வேணா இழுக்கும் சார். பிக்கப் சக்கத்தா இருக்கும்," என்றார். சக்கத் என்றால் கன்னடத்தில் பிரமாதம்.

"எத்தனை கிலோன்னு எழுத்துல இருக்கா?"

"சார், சன்ரூஃப் பாத்தீங்களா?"

இரண்டாவது ஷோரூமில், டிரெய்லர் இழுப்பதைப் பற்றிக் கேட்டதும் அந்தப் பெண் முகம் மலர்ந்து, வண்டி வழியில் நின்றுவிட்டால் இந்தியாவில் எங்கிருந்தாலும் அவர்களே வந்து இழுத்துப் போவார்கள், இலவசம் என்றாள். நான் மறுபடியும் விளக்கினேன். அவள் மறுபடியும், "ஆமா சார், ஃப்ரீதான்," என்றாள். பிறகு சன்ரூஃபைத் திறந்து காட்டினாள்.

மூன்றாவது இடத்தில் மேலாளரே வந்தார். தலைமை அலுவலகத்தைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். நவராத்திரி தொடங்கிய பிறகு பதில் வந்தது. இந்த வண்டியில் டிரெய்லர் இழுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதே ஷோரூமின் உதிரிப் பொருள் புத்தகத்தில், அதே வண்டிக்கு, பின்னால் மாட்டும் இழுவைக் கொக்கி படத்தோடு இருந்தது. இது எதற்கு என்று கேட்டேன்.

"அது லுக்குக்கு சார். அப்புறம் பின்னாடி பைக்காரன் இடிச்சா நம்ம பம்பர் தப்பிச்சிடும்."

கடைசியில் இரண்டே வண்டிகளின் கையேட்டில் எண் இருந்தது. ஒன்றில், பிரேக் உள்ள டிரெய்லர், ஆயிரத்து ஐந்நூறு கிலோ வரை. இன்னொன்றில் ஆயிரம்தான். டிரெய்லர் எவ்வளவு என்று மச்சானைக் கேட்டேன்.

"எழுநூத்தம்பது மாமா. தகட்டுலயே போட்டிருக்கு."

தகட்டில் இருப்பது காலி வண்டியின் எடை என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒரு சரக்கு வண்டியை வாடகைக்குப் பிடித்து, டிரெய்லரை மெதுவாக ஹொஸ்கோட்டே பக்கத்து எடை மேடைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்தவர் கன்னடத்தில் என்ன சரக்கு என்று கேட்டார். "மனெ," என்றேன், வீடு. தலையைத் தூக்காமல் அப்படியே தட்டச்சு செய்தார். சீட்டில் ஆயிரத்து இருநூற்று நாற்பது கிலோ என்று வந்தது.

"ஏசி வெச்சேன் இல்ல மாமா, அதா இருக்கும்," என்றான் மச்சான்.

ஏசி ஐந்நூறு கிலோ இருக்காது என்றேன். மெத்தை, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, இன்வெர்ட்டர் என்று அடுக்கிக்கொண்டே போனான். எனக்குச் சலித்துவிட்டது. எப்படியும் ஆயிரத்து ஐந்நூறுக்குள் இருக்கிறதே, எண் எழுதியிருக்கும் அந்தப் பெரிய வண்டியையே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். முன்பணம் கட்டுவதற்கு முன் மனைவியை ஒரு தடவை அழைத்துப் போனேன்.

அது யானைபோல் உயரமான வண்டி. அவள் முன் இருக்கையில் ஏறவே நான் ஒரு கை கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். ஷோரூம் வாசலில் திரும்பி நின்றதும், "இப்ப நான் இறங்கறேன், பாருங்க," என்றாள்.

கதவைத் திறந்தாள். கைப்பிடியைப் பிடித்தாள். ஒரு காலைத் தொங்கவிட்டு, தரை எட்டாமல் மறுபடி உள்ளே இழுத்தாள். அவளுக்கு வலது முழங்காலும் சரியில்லை. திரும்பி உட்கார்ந்து, பக்கவாட்டில் சரிந்து, ஒருவழியாகத் தரையில் கால் வைத்தபோது விற்பனையாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"சைடு ஸ்டெப் போட்டுத் தரலாம் மேடம். மேல சன்ரூஃப் கூட இருக்கு, பாத்தீங்களா?"

"அது வழியாவா இறங்கணும்?" என்று கேட்டாள் மனைவி.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் அவள் பேசினாள். "நீங்க எவ்ளோ இழுக்கும், எவ்ளோ இழுக்கும்னே கேட்டுட்டு இருக்கீங்க. நான் நிறுத்துங்கன்னு சொல்றதுல இருந்து பின்னாடி கதவைத் தொறக்கற வரைக்கும் எவ்ளோ நேரம் ஆகும்? அதைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. இழுக்கக்கூடிய வண்டியிலிருந்து அவளால் இறங்க முடியாது, இறங்கக்கூடிய வண்டியால் இழுக்க முடியாது. ஆயிரம் கிலோ என்று எழுதியிருந்த அந்த இன்னொரு வண்டி தாழ்வானது, ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. இருநூற்று நாற்பது கிலோவுக்கு அது கைவிட்டுப் போனது.

"எதுக்கும் அந்தக் கக்கூஸையாவது ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்," என்றாள் மனைவி. அப்போதுதான் உறைத்தது. இத்தனை வாரத்தில் அவள் அதைப் பார்க்கவே இல்லை. நானும் வெளியிலிருந்துதான் பார்த்திருந்தேன். எடை மேடைக்குப் போனபோதுகூட மச்சான் சாவியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான்.

தீபாவளி கழித்து மெட்ரோவில் வைட்ஃபீல்டு போனோம். மச்சான் அடித்தளத்துக்கு அழைத்துப்போய் டிரெய்லரைத் திறந்து விளக்கைப் போட்டான். படுக்கை சுத்தமாக இருந்தது. மனைவி நேராகக் கழிப்பறைக் கதவைத் திறந்தாள். உள்ளே, அடியிலிருந்து கூரை வரை, பழைய செய்தித்தாளில் சுற்றிய கொலு பொம்மைகள். மேலே செட்டியார் பொம்மை மட்டும் தலை நீட்டிக்கொண்டிருந்தது.

"டாய்லெட் எங்கடா?"

"அங்கதான்க்கா. பொம்மைக்குப் பின்னாடி."

"சாமியையெல்லாம் கக்கூஸ்லயா வெச்சிருக்க?"

"யூஸ் பண்ணாத டாய்லெட்க்கா. ஒரு தடவைகூட தண்ணி ஊத்தல. பூஜை ரூம் மாதிரி சுத்தம்."

அவள் படுக்கையின் பலகையைத் தூக்கினாள். கீழே, ஃபிளாட்டில் பதித்து மிச்சமான தரை ஓடுகள், பெட்டி பெட்டியாக. அடுத்த பலகைக்குக் கீழே உடற்பயிற்சி இரும்புத் தட்டுகள், கல்லோடு ஒரு மாவு கிரைண்டர், அவன் கல்லூரியில் படித்த பொறியியல் புத்தகங்கள். ஃபிளாட்டில் கொள்ளாததெல்லாம் வருடக்கணக்கில் இங்கே இறங்கியிருந்தது. இந்த ஓடுகளை நாமக்கல்லுக்கு இழுத்துப் போவதற்காகத்தான் நான் ஊரில் உள்ள ஷோரூம்களில் எல்லாம் அசடாக நின்றிருக்கிறேன்.

"இதை ஏன்டா எடை போடும்போது சொல்லல?"

"எடைதான மாமா கேட்டீங்க? உள்ள என்ன இருக்குன்னு கேக்கலையே."

"எல்லாத்தையும் எடு."

"எங்க வைக்கறது? ஃபிளாட்ல நிக்கவே இடமில்ல. டைல்ஸ் வேற கலர் மாறிட்டா கிடைக்காது மாமா, ஒண்ணு உடைஞ்சா என்ன பண்றது?"

"உடையட்டும்," என்றேன்.

மனைவிதான் முடிவு சொன்னாள். எல்லாம் பிரேசர் டவுனுக்கு, எங்கள் வீட்டுக்கு வரட்டும் என்று. வந்தது. எங்கள் ஹாலில் இப்போது சோபாவுக்குப் போக ஓட்டுப் பெட்டிகளைச் சுற்றித்தான் போகவேண்டும். ஏசியையும் கழற்ற வைத்தேன். அதற்கு அவன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். தண்ணீரைப் பாதி மட்டும் நிரப்பி மறுபடி எடை மேடைக்குப் போனோம். எண்ணூற்று எழுபது.

டீசல் வண்டியைப் பதிவு செய்தேன். மச்சானுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"மாமா, அது டாக்ஸி வண்டி. ஏர்போர்ட்ல இறங்கினா பத்து பேர் வந்து எங்க போகணும் சார்னு கேப்பான்."

"கேக்கட்டும். அக்காவுக்குக் கால் எட்டுது."

கால் எட்டியது. சீட்டில் உட்கார்ந்து, கதவைத் திறந்து, தரையில் பாதம் வைத்து, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி, அதை நாலைந்து தடவை செய்து காட்டினாள். சன்ரூஃப் இல்லை என்பதற்காக அந்த ஷோரூம் விற்பனையாளர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

டிரெய்லருக்கு என்று தனியாக ஒரு பிரேக் உண்டு. கார் வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் முட்டும், அந்த முட்டலிலேயே அதன் பிரேக் பிடித்துக்கொள்ளும். வருடக்கணக்கில் நின்றதில் அது துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. அதைப் பிரித்துச் சரிசெய்ய மார்கழி பாதி ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஹொஸ்கோட்டே சாலையில் ஓட்டிப் பழகினேன். வண்டியைப் பின்னால் எடுப்பது மட்டும் கடைசி வரை எனக்கு வரவில்லை. இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் போனது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கிளம்பினோம். மனைவி முன்னால், மச்சான் பின் இருக்கையில். கிருஷ்ணகிரி வரை அவன் பேசிக்கொண்டே வந்தான், பிறகு தூங்கிவிட்டான். அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தர்மபுரியில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, இறங்குகிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

தொப்பூரில் இறக்கம் ஆரம்பித்தது. கியரைக் குறைத்து, இடது ஓரத்தில், லாரிகளோடு லாரியாக ஊர்ந்தேன். பின்னால் வந்த பேருந்துகள் ஹாரனை விடவே இல்லை. டிரெய்லர் ஆடவில்லை. கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி இறங்கியிருப்போம்.

"நிறுத்துங்க."

நல்லவேளை, கொஞ்ச தூரத்தில் லாரிகள் ஒதுங்க அகலமான இடம் இருந்தது. விளக்கைப் போட்டு ஒதுங்கினேன். பின்னால் அந்த முட்டல் தெரிந்தது, பிரேக் பிடித்தது, எல்லாம் ஒரே கோட்டில் நின்றது. அவள் கதவைத் திறந்து இறங்கி, ஓரமாகவே நடந்து, டிரெய்லர் கதவைத் திறந்து உள்ளே போனாள். நான் கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்க இறங்குவதற்குள் திரும்பி வந்துவிட்டாள். பயந்துபோனேன்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. நிக்குதான்னு பாத்தேன்."

"இங்கயா பாக்கறது? தொப்பூர்லயா?"

"வேற எங்க பாக்கறது? நாலு மாசமா நீங்கதான் தொப்பூர் தொப்பூர்னு சொல்லிட்டிருந்தீங்க."

மச்சான் எழுந்து, நாமக்கல் வந்துவிட்டதா என்று கேட்டான். அவள் ஏறி உட்கார்ந்து, தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, நிறுத்தாமல் பாதி குடித்தாள். வரிசை விடாமல் இறங்கிய லாரிகளுக்கு நடுவே மறுபடி சாலையில் நுழைய எனக்கு இடம் கிடைக்க வெகுநேரம் ஆயிற்று.