பனியனுக்குக் காலர் கிடையாது

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் கத்தி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. என் கணவர் அதை ஒளித்துவைத்திருந்தார். காய் நறுக்குவதெல்லாம் நான் குளிக்கப் போன நேரத்தில்தான் நடக்கும். ஒருநாள் சமையலறைக்குள் சட்டென்று நுழைந்துவிட்டேன். மனிதர் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, பீடியும் கையுமாக மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி விழித்தார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை, வியர்த்துக் கொட்டியது.

நான் ஜூடோக்காரி. பள்ளிக்கூட நாளிலிருந்து ஆடியவள். அலமாரியில் மெடல்கள் இருக்கின்றன, வெள்ளி கொஞ்சம் அதிகம், தங்கம் கொஞ்சம் குறைவு. அப்படிப்பட்டவள் கத்தியைக் கண்டு நடுங்குகிறாள் என்றால் ஊர் சிரிக்காதா? சிரித்தது.

நடந்தது இதுதான். சித்தூரில் மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஒரு ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. தீபாவளி முடிந்த சமயம், சாயங்காலம் வேலை விட்டு பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்குச் சந்து வழியாக நடந்துகொண்டிருந்தேன். பனியன் போட்ட ஒருவன் எதிரே வந்து நின்றான். கையில் எலுமிச்சம்பழம் நறுக்குகிற மாதிரி ஒரு சின்னக் கத்தி. பையைக் கொடு என்று தெலுங்கில் சொன்னான். கொடுத்திருக்கலாம், ஓடியிருக்கலாம், கத்தியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? காலரைப் பிடிக்கப் போனேன்.

ஜூடோ ஆடியவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கிறுக்குத்தனம் புரியும். எதிராளி முன்னால் வந்ததும் எங்கள் வலது கை அவர் காலருக்கும் இடது கை அவர் சட்டைக் கைக்கும் தானாகப் போகும். பிடி கிடைத்தால்தான் ஆட்டமே. வருஷக்கணக்கில் அந்த ஒன்றைத்தான் பழக்கியிருந்தார்கள். பனியனுக்குக் காலரும் கிடையாது, கையும் கிடையாது. ஆனால் அவன் கையில் கத்தி இருந்தது. என் இடது கை நேராக அதன்மேல் போய் மூடிக்கொண்டது.

உள்ளங்கையில் தையல் போட்டார்கள். அவன் பயந்துபோய்ப் பையோடு ஓடிவிட்டான். ஸ்டேஷனில் கான்ஸ்டபிள் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “ஜூடோ தெரியும்னு சொல்றே, அப்புறம் இன்னாத்துக்கும்மா கத்திய போய் புடிச்சே?” என்றார். அந்தக் கேள்வியை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. நியாயமான கேள்வி என்பதால்தான்.

காயம் ஆறிவிட்டது. நான்தான் ஆறவில்லை. எங்கேயும் உட்கார முடியாது. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தால் வழிப்பக்கம் வேண்டும்போல் இருக்கும், வழிப்பக்கம் வந்தால் முதுகுக்குப் பின்னால் யார் என்று திரும்பத் தோன்றும். சாப்பாட்டை நின்றுகொண்டே தின்றேன். ஊரிலிருந்து வந்த என் நைனா, “கால்ல சக்கரம் கட்டிகினு இருக்கியா?” என்று அதட்டிவிட்டுப் போனார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாத ஒன்று இருந்தது. மே மாதம் பிறந்தால் மாங்காய் சீசன். பழுத்த பழம் கழுவப்பட்டு வெட்டும் கூடத்துக்கு வரும். அங்கே நீளமான எவர்சில்வர் மேசைகளின் இரண்டு பக்கமும் பெண்கள் நிற்பார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு கத்தி. அழுகலை வெட்டி எறிந்துவிட்டு நல்ல சதையை மட்டும் மேலே அனுப்புவார்கள். அவர்களுக்கு நடுவில் நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பதுதான் என் வேலை. ஜனவரியில் கொஞ்சம் கொய்யா வந்திருந்தது. நாலைந்து பெண்கள்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போன நான் பாதி மேசைகூடத் தாண்டாமல் வெளியே வந்துவிட்டேன். மேனேஜர் நல்ல மனிதர், சுற்றி வளைக்காமல் சொன்னார்: “சீசன்ல உள்ள நிக்க முடியலன்னா நான் வேற ஆள பாத்துக்கணும்மா.” அந்த வேலை எனக்கு உயிர். பழத்தை மூக்கருகே கொண்டுபோனதும் அது எந்தப் பக்கத்துத் தோட்டம் என்று சொல்லிவிடுவேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

இந்த இடத்தில் என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் தங்கை. அதற்கு முன்னால் அவள் என் எதிராளி, ஒரே விளையாட்டு விடுதியில் ஒரே எடைப் பிரிவு. என்னை அவ்வளவு தடவை தூக்கிப் போட்டும் ஆத்திரம் தீராமல்தான் தன் அண்ணனுக்கு என்னைக் கட்டிவைத்தாள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. திருப்பதிக்குப் பக்கத்தில் ஏர்பேட்டில் வாழ்க்கைப்பட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் என்னை “அண்ணி, வாங்க” என்பாள். ஜூடோ மெத்தையில் கால் வைத்தால் “வாடி.”

அவள்தான் ஒரு வீடியோ அனுப்பினாள். ஜூடோ உடை போட்ட இரண்டு கிழவர்கள் எதிரெதிரே மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் இரண்டு கைமுட்டி வைக்கிற இடம்தான் இருக்கும். ஒருவர் கையில் மரக்கத்தி. சட்டென்று வயிற்றுக்கு நேரே குத்துகிறார். மற்றவர் காலரைத் தேடவில்லை. உடம்பைத் திருப்பிக் குத்தின் வழியை விட்டு விலகி, குத்த வந்த முழங்கையை இடது கையால் ஒதுக்கி, நெற்றியில் ஒரு குத்து விட்டு, கையை மடக்கிவிட்டார். பிறகு இருவரும் எழுந்தார்கள். இந்தத் தடவை வாள்.

“இது ஜூடோவாடி?” என்று போனில் கத்தினேன்.

“ஜூடோதான். கட்டான்னு, ரெண்டு பேரு முறை மாறாம செய்யற பயிற்சியாம். ஆரம்பத்துலேருந்தே இருக்குதாம். இன்னொன்னுல தடி, துப்பாக்கிகூட வருதாம். நமக்கு யாரும் சொல்லல.”

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். இத்தனை வருஷம் கத்தியும் வாளும் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கின்றன, பூட்டிய அறையில். பாயின்ட் கிடைக்காத எதையும் யாரும் திறந்து காட்டவில்லை. போட்டியில் கத்திக்கு ஏது பாயின்ட்? எங்களுக்கும் அவசரம், கோச்சுகளுக்கும் அவசரம், மெடல் வாங்கித் தரும் நாலு வீச்சு போதும் என்று இருந்துவிட்டோம். இதை உண்டாக்கியவர்கள் கத்தியை நேரில் கண்டவர்களாகத்தான் இருக்க வேண்டும். நாங்கள் ஸ்கோர் போர்டைக் கண்டவர்கள்.

அதைப் பழகிவிடுவது என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம், ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பதியில் ஒரு உள்விளையாட்டுக் கூடம் கிடைத்தது. மரக்கத்தி கிடைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. திருப்பதியில் ஒரு பெண்பிள்ளை கடை கடையாகப் போய் மரத்தில் கத்தி செய்து தருவீர்களா என்று கேட்டால் முதலில் வரும் கேள்வி, “செம்மரமா?” அப்புறம் இரண்டு பக்கமும் ஒரு பார்வை. கடைசியில் ஒரு தச்சர் வேம்பில் செய்து கொடுத்தார். வாளும் அவரே. அதைச் சாக்கில் சுற்றிச் சித்தூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், “ஏந்தம்மா இதி, கத்தியா?” என்றார். “செக்கதி அன்னா,” மரம்தான் என்றேன். வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சரி, பழகத் தொடங்கினோம். உருப்படவில்லை. மண்டியிட்டு அசையாமல் காத்திருப்பதுதான் முதல் பாடம். எனக்கு அதுவே ஆகாது. முதுகு அரிக்கும், கால் மரக்கும், கண் வாசலுக்கு ஓடும். அவள் தோள் அசைவதற்குள் நான் விலகிப் போயிருப்பேன். அவளோ கத்தியை என் வயிற்றுக்கு நாலு விரல் முன்னாலேயே நிறுத்திவிடுவாள். சில சமயம் நான் விலகப்போகும் பக்கம் பார்த்து மறுபக்கம் குத்துவாள், பாவம் பார்த்து.

“நீ குத்தறியா, ஆரத்தி எடுக்கறியா?” என்றேன் ஒருநாள்.

“நான் கைய நீட்றதுக்குள்ள நீ ரேணிகுண்டாவுக்கே போயிடறே. நான் யார குத்தறது?”

“நெசமா குத்துடின்னா குத்தேன்!”

“எங்கண்ணன் பொண்டாட்டிய நான் எப்பிடிடி குத்துவேன்?” என்று கத்தியைக் கீழே வைத்தாள். கோபத்திலும் முறை தப்பவில்லை. கத்தியைத் தரையில் வைக்கும்போது அதன் வாய், அதாவது வெட்டும் பக்கம், எதிராளியைப் பார்த்து இருக்கக் கூடாது, தன் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பது கட்டாவின் மரியாதை. அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே டீக்கடையில் தனித்தனியாக டீ குடித்தோம்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவள் வரவில்லை. மார்ச் முடியப்போகிறது. வேலை போய்விடும் என்றே முடிவு கட்டிவிட்டேன். கூட்டிப் பெருக்கிய வீட்டையே திரும்பத் திரும்பப் பெருக்கினேன்.

மூன்றாவது ஞாயிறு வந்தாள். வந்ததும், “ஒக்காரு” என்றாள். உட்கார்ந்தேன். கால் மரக்கத் தொடங்குவதற்குள் கத்தி என் வயிற்றில் இருந்தது. மூச்சே நின்றுவிட்டது. வலித்தது. இத்தனை நாள் நான் பார்த்தது கத்தியே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

“எங்கேடி கத்துகினே?”

தார் வெட்டி முடிந்த வாழைமரங்களில் கற்றுக்கொண்டாளாம். தோட்டத்தில் தினமும் காலையில், நிஜக் கத்தியால். எங்கே கை தயங்குகிறதோ அங்கே கத்தி நாரில் சிக்கிக்கொள்ளுமாம், தயங்காத குத்துதான் உள்ளே போகுமாம். “எங்க மாமியாரு ஒருநாள் வந்து பாத்துகினு நின்னாங்க. அன்னிலேருந்து அவங்க காபிய அவங்களே போட்டுக்கறாங்க.”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

“நீ கைய காட்னே இல்ல, அந்த தையல. நான் பொய்யா குத்திகினே இருந்தா நீ நெசத்துல மறுபடி அப்பிடித்தான் புடிப்பே. அத நெனச்சிகினுதான் குத்தறேன். எனக்கு புடிச்சா குத்தறேன்?” என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. “ஒக்காருடி” என்றாள் மறுபடி.

என்மேல் அவ்வளவு பிரியம் வைத்திருக்கிறாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரே குடும்பத்தில் இத்தனை வருஷம் இருந்தும் தெரியவில்லை. யாரையும் தூக்கிப் போடாத ஒரு பாடத்துக்கு, குத்துகிறவள் இவ்வளவு படிக்க வேண்டியிருக்கிறது. கட்டாவில் கத்திப் பயிற்சி என்று அந்தக் காலத்தில் இருந்ததும் அதற்குத்தானோ என்னவோ. தப்பிக்கிறவளுக்காக ஒருத்தி கத்தியை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் பூராவும் குத்து வாங்கினேன். வயிறு ஊதா நிறத்துக்கு வந்துவிட்டது. என் கணவர் பார்த்துப் பதறி, “ஆர் பண்ணது இது?” என்றார்.

“உங்க தங்கச்சி.”

மனிதர் பையை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், கத்தி என் சட்டையை உரசிக்கொண்டு போயிற்று. நான் முன்கூட்டி நகரவில்லை. கை முந்தவில்லை, உடம்புதான் முந்தியது. என் இடது கை அவள் முழங்கையில் இருந்தது. “இன்னொருவாட்டி” என்றாள். அந்தத் தடவை குத்து வயிற்றிலேயே விழுந்தது. அதனால் நான் எதையும் சாதித்துவிட்டேன் என்று நம்பவில்லை. நம்பாமலேயே சித்தூர் பஸ் ஏறினேன்.

மே மாதம் பெங்களூரா மாம்பழம் வந்து இறங்கியது. வெட்டும் கூடத்தின் வாசலில் தலைக்குத் தொப்பி மாட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே மேசை மேசையாகக் கத்திகள், டியூப் லைட்டில் எல்லாம் மினுங்கின. திரும்பிவிடலாம் என்று ஒரு கால் சொன்னது. மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேறு எதையோ பார்க்கிற மாதிரி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போனேன். கொய்யா நாளில் நான் திரும்பிய இடத்தைத் தாண்டினேன். முதுகில் வியர்வை ஓடியது.

அப்போது ஒரு பெண், வெட்டிக்கொண்டிருந்தவள், “மேடம்!” என்று சடாரென்று என் பக்கம் திரும்பினாள். கையிலிருந்த கத்தி என் வயிற்றுக்கு நேரே வந்தது.

என் உடம்பு பக்கவாட்டில் திரும்பியிருந்தது. இடது கை, தையல் போட்ட கை, அவள் முழங்கையில் லேசாக இருந்தது. வலது கைமுட்டி நெஞ்சு வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுவிட்டது. நல்லவேளை.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இன்னா மேடம், டான்ஸா?” என்று சிரித்தாள். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். மற்றக் கையில் பிளந்த பழம் ஒன்றை எனக்கு நீட்டினாள். “இத பாருங்க, மேல நல்லா கீது, உள்ள கறுத்துப் போச்சு. லோடு பூராவும் இப்பிடித்தான் வந்துகினு இருக்குது.”

பழத்தைப் பார்த்தேன். கொட்டையைச் சுற்றிக் கறுப்பு ஓடியிருந்தது. முகர்ந்தேன். ஆறு மாதமாக ஒரு கத்தி இருக்கும் இடத்தில் கத்தியைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. “அந்த லாரிய நிறுத்தச் சொல்லு” என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அன்றைக்கு ஷிப்ட் முடியும்வரை உள்ளேதான் இருந்தேன். நடுவில் ஒருமுறை கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

சாயங்காலம் நாத்தனாருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“இருக்கியாடி?”

“இருக்கேன்.” மூக்கை உறிஞ்சினாள். “காலர புடிச்சியா?”

“இல்ல.”

“சரி” என்றாள். அப்புறம், “ஞாயித்துக்கெழமை சீக்கிரம் வந்துடுங்க அண்ணி. நான் வாளுக்கு வாழமரம் பாத்து வெச்சிகினு இருக்கேன்.”

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் கத்தி எங்கே என்று கேட்டேன். மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்தார். பிடியை என் பக்கம் நீட்டினார். கத்தியின் வாய் அவர் பக்கம் இருந்தது.